எல்சிடி எஸ்எம்பிஎஸ் டெஸ்டர்: எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

கம்ப்யூட்டர் சர்வீஸ் மேசையில் ஸ்க்ரூடிரைவருக்கும் தெர்மல் பேஸ்டுக்கும் நடுவில் கிடக்கும் சின்னப் பெட்டி இது. எஸ்எம்பிஎஸ், அதாவது கம்ப்யூட்டரின் பவர் சப்ளை, தரும் வோல்டேஜை அளக்கும். 24 பின் சொருக ஒரு இடம், சிபியு பவருக்கு ஒன்று, கிராபிக்ஸ் கார்டு கேபிளுக்கு ஒன்று, சாட்டா, மோலெக்ஸ், பழைய ஃப்ளாப்பி பின் எல்லாம் ஓரங்களில் இருக்கும். நடுவில் ஒரு திரை. பல பெயர்களில் விற்றாலும் உள்ளே ஏறக்குறைய ஒரே சரக்குதான். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஆனால் எஸ்எம்பிஎஸ் பாதுகாப்பானதா என்பதையே இது சொல்லிவிடும் என்கிற தொனியில் இதை விற்பதும் வாங்குவதும் நடக்கிறது. அந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரி என்பதுதான் இந்த விமர்சனம்.

வேலை செய்யும் விதம் எளிது. 24 பின் கனெக்டரைச் சொருகி மெயின் சுவிட்சைப் போட்டால், டெஸ்டர் பச்சைக் கம்பியை, அதாவது 16-வது பின்னை, கிரவுண்டோடு சேர்க்கிறது. எஸ்எம்பிஎஸ் ஓடத் தொடங்குகிறது. ரிச்சி ஸ்ட்ரீட் கவுன்டரில் பேப்பர் கிளிப்பை வளைத்துப் பச்சையையும் கறுப்பையும் இணைத்துக் காட்டுவதும் இதே வேலைதான். கிளிப் முறையில் ஃபேன் சுற்றுவது மட்டும் தெரியும். டெஸ்டரில் எண்கள் வரும். 12 வோல்ட் இரண்டு இடங்களில், பிறகு 5 வோல்ட், 3.3 வோல்ட், மைனஸ் 12 வோல்ட், 5 வோல்ட் ஸ்டாண்ட்பை (கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் வரும் லைன்), கடைசியாக பிஜி எனப்படும் ‘பவர் குட்’. அளவு குறைந்தால் ‘எல்எல்’, கூடினால் ‘ஹெச்ஹெச்’ என்று காட்டி பீப் அடிக்கும்.

சிபியு கேபிள், கிராபிக்ஸ் கேபிள் இரண்டில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சொருகுங்கள். இரண்டிலும் 8 பின் கனெக்டர் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் 12 வோல்ட் வரிசையும் கிரவுண்ட் வரிசையும் இடம் மாறியிருக்கும். மாற்றி அழுத்தித் திணித்தால் நேரடி ஷார்ட். பின்னின் வடிவம் ஒத்துப்போகாமல் தடுக்கும்தான். ஆனாலும் மலிவு டெஸ்டரின் பிளாஸ்டிக் கொஞ்சம் தளர்வு, பலம் போட்டால் உள்ளே போய்விடுகிறது.

பிஜி எண்ணைப் பாருங்கள்

இந்தப் பெட்டியில் உருப்படியான எண் எது என்று கேட்டால் பிஜியைத்தான் சொல்வோம். ‘பவர் குட்’ என்பது எஸ்எம்பிஎஸ் மதர்போர்டுக்குத் தரும் ஒரு 5 வோல்ட் சிக்னல். எல்லா லைனும் நிலையான அளவுக்கு வந்துவிட்டது, இனி நீ தொடங்கலாம் என்பது அதன் பொருள். வோல்டேஜ் ஏறி முடித்த பிறகு 100 முதல் 500 மில்லி செகண்ட் கழித்து இது வர வேண்டும் என்பது கம்ப்யூட்டர் பவர் சப்ளைகளுக்கான ஏடிஎக்ஸ் விதி. டெஸ்டர் அந்தத் தாமதத்தை மில்லி செகண்டில் காட்டுகிறது. 200, 300 என்று வந்தால் கவலை இல்லை.

பூஜ்யமோ, 100-க்குக் கீழோ வந்தால் அந்த எஸ்எம்பிஎஸ்ஸைத் தள்ளி வையுங்கள். மிக மலிவான சரக்கில் பிஜி கம்பியை ஒரு ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட் லைனோடு கட்டிவிடும் வழக்கம் உண்டு. கண்காணிக்கும் சர்க்யூட்டே இருக்காது, 5 வோல்ட் வந்ததும் எல்லாம் நலம் என்று சொல்லிவிடும். கரண்ட் போகும்போதும் அதே பொய்தான். வோல்டேஜ் சரிந்துகொண்டிருக்கும்போது மதர்போர்டுக்கு முன்னறிவிப்பு வராது, ஹார்ட் டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கும்போதே பவர் அறுந்து போகும். பாதுகாப்பு சம்பந்தமாக இந்த டெஸ்டர் பிடித்துத் தரும் உண்மையான குற்றம் இது ஒன்றுதான். இதற்காகவே பெட்டிக்குக் கொடுத்த காசு தகும்.

மற்ற எண்களை அளவோடு நம்புங்கள். 12, 5, 3.3 வோல்ட் லைன்களுக்கு வழக்கமான அனுமதி கூட்டியும் குறைத்தும் 5 சதவீதம்: 11.40 முதல் 12.60 வரை, 4.75 முதல் 5.25 வரை, 3.14 முதல் 3.47 வரை. மைனஸ் 12-க்கு 10 சதவீதம். பெரும்பாலான டெஸ்டர்கள் ஒரு தசம இடம்தான் காட்டுகின்றன. 12 வோல்ட்டுக்கு அது போதும். 3.3 வோல்ட் லைனில் எல்லையே 0.17 வோல்ட்டுக்குள் இருக்கும்போது 0.1 படியில் அளந்து என்ன பயன்? திரையில் 3.2 வந்தால் மல்டிமீட்டரை எடுத்து 24 பின் கனெக்டரின் பின்பக்கம் ஆரஞ்சுக் கம்பியில் குத்திப் பாருங்கள்.

இன்னொரு சங்கடம்: புதிய எஸ்எம்பிஎஸ்களில் மைனஸ் 12 வோல்ட் கட்டாயமில்லை. அந்த லைன் இல்லாத யூனிட்டில் டெஸ்டர் ‘எல்எல்’ காட்டிக் கத்தும். அது பழுது அல்ல. 12 வோல்ட் மட்டும் தரும் 10 பின் ஏடிஎக்ஸ்12விஓ வகையை இதில் சொருகவே வழியில்லை.

லோடு இல்லாமல் என்ன தெரியும்?

டெஸ்டர் இழுப்பது சில வாட்தான், உள்ளே இருப்பவை சிறு ரெசிஸ்டர்கள். 750 வாட் எஸ்எம்பிஎஸ்ஸை அந்த லோடில் அளப்பது, லாரியை வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு மலையேறும் என்று சான்றிதழ் தருவது போல. உப்பிய கெப்பாசிட்டர் உள்ள யூனிட்டும் லோடு இல்லாதபோது 12.1 காட்டும். கேம் தொடங்கியதும் 11.2-க்கு இறங்கும்.

ரிப்பிளும், அதாவது டிசி வோல்டேஜில் மிச்சமிருக்கும் சிறு ஏற்ற இறக்கமும், தெரியாது. 12 வோல்ட் லைனில் 120 மில்லிவோல்ட், 5 மற்றும் 3.3 வோல்ட்டில் 50 மில்லிவோல்ட் என்பது உச்சவரம்பு. அதை அளக்க ஆசிலோஸ்கோப் வேண்டும்: பேண்ட்வித்தை 20 மெகாஹெர்ட்ஸாகக் குறைத்து, அளக்கும் இடத்தில் 10 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிடிக், 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் இரண்டையும் வைத்து, புரோபின் நீண்ட கிரவுண்ட் வாலைக் கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டும். அந்த வாலோடு அளந்தால் எஸ்எம்பிஎஸ் உமிழும் இரைச்சலைத்தான் அளப்பீர்கள். ஸ்டாண்ட்பை லைனின் வறண்டுபோன சின்ன கெப்பாசிட்டர்தான் பல பழைய யூனிட்களைக் கொல்கிறது. டெஸ்டர் சராசரியைக் காட்டுவதால் அது கடைசி நாள்வரை ‘5.0’ என்றே இருக்கும்.

பெட்டியில் அச்சிட்ட சுருக்கெழுத்துகள்

இப்போது பாதுகாப்புக்கு வருவோம். எஸ்எம்பிஎஸ் பெட்டியில் ஓவிபி, யுவிபி, ஓசிபி, ஓபிபி, எஸ்சிபி, ஓடிபி என்று வரிசையாக இருக்கும். முறையே வோல்டேஜ் ஏறினால், இறங்கினால், ஒரு லைனில் கரண்ட் கூடினால், மொத்த பவர் கூடினால், ஷார்ட் ஆனால், சூடேறினால் கட் ஆக வேண்டும் என்பது வாக்குறுதி. எந்த அளவில் கட் ஆகும் என்பதை அட்டை சொல்லாது. அந்த அளவுதான் முழு விஷயமும்.

ஒரு பாதுகாப்பைச் சோதிக்க அந்தக் கோளாறை வேண்டுமென்றே உண்டாக்க வேண்டும். டெஸ்டர் எந்தக் கோளாறையும் உண்டாக்குவதில்லை. ஆகவே ஆறில் ஒன்றைக்கூட அது சோதிப்பதில்லை.

இதற்கு ஊரறிந்த உதாரணம் கிகாபைட்டின் ஜிபி-பி750ஜிஎம், ஜிபி-பி850ஜிஎம் எஸ்எம்பிஎஸ்கள். கிராபிக்ஸ் கார்டு தட்டுப்பாடு இருந்த காலத்தில் அமெரிக்காவின் நியூஎக் கடை இவற்றைக் கார்டுகளோடு கட்டி விற்றது. வேண்டாதவர்களும் வாங்க வேண்டியிருந்தது. யூனிட்கள் வெடிப்பதாகப் புகார்கள் வந்தன. ஹார்ட்வேர் விமர்சன யூடியூப் சேனலான கேமர்ஸ் நெக்ஸஸ் பல யூனிட்களை வாங்கிச் சோதித்தபோது அவற்றிலும் பல செத்தன. 2021 ஆகஸ்டில் கிகாபைட் அறிக்கை விட்டது. ஓபிபி எல்லை 750 வாட் மாடலில் 900 முதல் 1125 வாட், 850 வாட் மாடலில் 1020 முதல் 1300 வாட் என்று வைக்கப்பட்டிருந்ததாக அதுவே சொன்னது. பிறகு முறையே 825–925, 950–1050 வாட் என்று குறைத்தது. குறிப்பிட்ட சீரியல் எண்களுக்கு மாற்றித் தரவும் முன்வந்தது. எல்லைக்கு அருகே எலக்ட்ரானிக் லோடில் (வேண்டிய அளவு கரண்டை இழுக்கும் கருவியில்) நீண்ட நேரம் ஓட்டும் சோதனையால்தான் ஆயுள் குறைகிறது என்பது நிறுவனத்தின் வாதம். அந்த வாதத்தை நாங்கள் ஏற்கவில்லை: எல்லையை எட்டும்போது சாகாமல் கட் ஆவதற்குத்தானே ஓபிபி?

கவனிக்க வேண்டியது, அந்த யூனிட்களில் ஓபிபி இருந்தது. அட்டையில் எழுதியது பொய்யில்லை. எல்லைதான் டிரான்சிஸ்டர்கள் தாங்கும் அளவுக்கு மேலே போயிருந்தது. லோடு கூடும்போது மெயின் கரண்ட் வரும் பிரைமரி பக்கத்து மாஸ்ஃபெட் (சுவிட்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) சூடேறி ஷார்ட் ஆகிறது. 380 வோல்ட்டில் நிற்கும் பெரிய கெப்பாசிட்டர் தன்னிடம் உள்ளதையெல்லாம் அதன் வழியே ஒரே கணத்தில் கொட்டுகிறது. கேட்கும் ‘டப்’ சத்தம் அதுதான். அப்படிப்பட்ட யூனிட்டை வெடிப்பதற்கு முந்தைய நாள் இந்த எல்சிடி டெஸ்டரில் சொருகியிருந்தால் எல்லா எண்ணும் ஒழுங்காகவே வந்திருக்கும்.

ஓசிபி, ஓபிபி: முறையான சோதனை

இதற்கு எலக்ட்ரானிக் லோடு வேண்டும், 12 வோல்ட்டில் 100 ஆம்பியருக்குக் குறையாமல். 750 வாட் யூனிட்டில் 12 வோல்ட் லைனுக்குப் பொதுவாக 62.5 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். மற்ற லைன்களில் லேசான லோடு வைத்து, 12 வோல்ட்டில் முழு அளவு வரை போய், அரை மணி நேரம் ஓட்டிச் சூடேற்ற வேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு ஆம்பியராக ஏற்றி, படிக்குச் சில நொடிகள் நிறுத்தி, எங்கே கட் ஆகிறது என்று குறிக்க வேண்டும். 75 முதல் 82 ஆம்பியருக்குள், அதாவது 120 முதல் 130 சதவீதத்துக்குள், கட் ஆனால் நல்ல வடிவமைப்பு என்போம். 94 ஆம்பியர் என்பது 150 சதவீதம். அங்கேயும் கட் ஆகாமல் ஓடினால் சோதனையை நிறுத்திவிடுங்கள். இன்னும் தாங்குகிறதே என்று பெருமைப்பட அதில் ஒன்றுமில்லை.

கட் ஆகும் கணத்தில் வோல்டேஜ் எங்கே இருந்தது என்பதையும் எழுதுங்கள். 11.4-க்குக் கீழே சரிந்து, பிஜியும் விழாமல், அதன்பின் கட் ஆனால் அது பாஸ் இல்லை. ரிப்பிள் 120 மில்லிவோல்ட்டைத் தாண்டியபின் கட் ஆனாலும் அப்படியே. இதே சோதனையைக் குளிர்ந்த யூனிட்டிலும் ஒருமுறை செய்து இரண்டு எண்ணையும் ஒப்பிட வேண்டும். சூடு ஏற ஏற எல்லை கொஞ்சம் இறங்குவது ஆரோக்கியம். ஏறினால் வடிவமைப்பில் எங்கோ கோணல்.

லோடு கேபிளை ஒரே கனெக்டரில் மாட்டிவிடாதீர்கள். சிபியு 8 பின்னில் 12 வோல்ட் கம்பி நான்கு, கிராபிக்ஸ் 8 பின்னில் மூன்று. கம்பிக்கு 7, 8 ஆம்பியர் வீதம் பிரித்துப் போட்டால்தான் 80 ஆம்பியரில் பின் உருகாமல் இருக்கும். வோல்டேஜை லோடு பக்கத்தில் அளக்காமல் கனெக்டரில் தனிக் கம்பி வைத்து அளக்க வேண்டும். இல்லாவிட்டால் கேபிளில் விழும் வோல்டேஜையும் சேர்த்து எஸ்எம்பிஎஸ் மேல் பழி போடுவீர்கள்.

எலக்ட்ரானிக் லோடுக்குப் பதில் கார் ஹெட்லைட் பல்பு போடும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. 55 வாட் ஹாலஜன் ஒன்று 12 வோல்ட்டில் சுமார் 4.5 ஆம்பியர் இழுக்கும், 14 பல்பு போட்டால் 62 ஆம்பியரை எட்டலாம். சிக்கல் என்னவென்றால், குளிர்ந்த இழையின் ரெசிஸ்டன்ஸ் எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். நான்கைந்து பல்பை ஒரே சுவிட்சில் போட்டால் அந்த முதல் கண இழுப்பிலேயே நல்ல எஸ்எம்பிஎஸ் கட் ஆகிவிடும். பிறகு ‘20 ஆம்பியர் கூடத் தாங்கவில்லை’ என்று நல்ல சரக்கைக் குப்பையில் போடுவார்கள். ஒவ்வொரு பல்புக்கும் தனிச் சுவிட்ச் வைத்து ஒவ்வொன்றாகப் போடுங்கள். முழு லோடில் வோல்டேஜ் நிற்கிறதா என்று பார்க்க இது போதும். ட்ரிப் எல்லையைத் துல்லியமாகப் பிடிக்க 4.5 ஆம்பியர் படி மிகப் பெரிது.

5, 3.3 வோல்ட் லைன்களைத் தனித்தனியாகச் செய்ய வேண்டும். தலா 20 ஆம்பியர், இரண்டும் சேர்ந்து 100 அல்லது 120 வாட் என்பது வழக்கமான அளவு. இங்கே ஓசிபி இருக்கிறதா என்பது உள்ளே இருக்கும் கண்காணிப்பு ஐசியைப் பொறுத்தது. டபிள்யுடி7502 வோல்டேஜ் ஏறுவதையும் இறங்குவதையும் மட்டும் பார்க்கும். அதற்குக் கரண்ட் அளக்கும் பின் கிடையாது. டபிள்யுடி7527 கரண்டையும் பார்க்கும். பிஎஸ்223-இல் ஓடிபிக்கும் பின் உண்டு. ஐசி இருந்தால் மட்டும் போதாது, கரண்டை அளக்க வைக்கும் ஷன்ட் ரெசிஸ்டர்களின் மதிப்பையும் சரியாக வைத்திருக்க வேண்டும். விமர்சனங்களில் ஐசி பெயரைப் படித்தே பாதி முடிவுக்கு வரலாம்: முதல் வகை ஐசியைப் போட்டுவிட்டு அட்டையில் ஓசிபி என்று எழுதியிருந்தால் அது வேறு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். 12 வோல்ட் ஒரே லைனாக உள்ள யூனிட்களில் பெரும்பாலும் பிரைமரி பக்கத்து ஓபிபிதான் அந்த வேலையைச் செய்கிறது.

எல்லையை மிக இறுக்கமாக வைப்பதும் தப்பு. 2020-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3080, 3090 கார்டுகளின் கண நேர இழுப்பில் நல்ல எஸ்எம்பிஎஸ்களும் கட் ஆன கதை பலருக்கும் தெரியும். 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 அதற்கு எண் வைத்தது: 100 மைக்ரோ செகண்டுக்கு 200 சதவீதம், 1 மில்லி செகண்டுக்கு 180, 10 மில்லி செகண்டுக்கு 160, 100 மில்லி செகண்டுக்கு 120 சதவீதம் வரை கட் ஆகாமல் தாங்க வேண்டும். 750 வாட் யூனிட் 1500 வாட்டை ஒரு கணம் விட்டுவிட வேண்டும், 1000 வாட்டைத் தொடர்ந்து விடக் கூடாது. அதனால் ஓபிபி எவ்வளவு வாட்டில் என்பதோடு எவ்வளவு நேரம் கழித்து என்பதும் சேர்ந்துதான் முழு விடை. நல்ல ஆய்வுக்கூட அறிக்கைகளில் இந்த இரண்டும் தனித்தனிப் பக்கங்களில் இருக்கும்.

ஷார்ட், சூடு, ஓவர்வோல்டேஜ்

எஸ்சிபி சோதனை வீட்டில் ஓரளவு செய்யக்கூடியது, செலவும் இல்லை. எஸ்எம்பிஎஸ் அணைந்திருக்கும்போது தடித்த கம்பியால் 12 வோல்ட்டையும் கிரவுண்டையும் இணையுங்கள். பிறகு ஆன் செய்யுங்கள். ஒரு துடிப்போடு அடங்கி, பிஎஸ்-ஆனை (பச்சைக் கம்பியை) விட்டுத் திரும்பப் போடும்வரை எழாமல் கிடக்க வேண்டும். 5, 3.3 வோல்ட்டுக்கும் இதே. 0.1 ஓமுக்குக் குறைவான எதையும் ஷார்ட் என்றே கொள்ள வேண்டும் என்பது ஏடிஎக்ஸ் வழிகாட்டியின் கணக்கு. ஸ்டாண்ட்பை லைன் மட்டும் ஷார்ட்டை எடுத்ததும் தானாகவே திரும்பி வரலாம். ஓடிக்கொண்டிருக்கும்போது கையால் கம்பியை ஒட்டாதீர்கள். வெளிப்பக்க கெப்பாசிட்டர்கள் அந்த ஒரு பொறியில் கனெக்டர் பின்னைக் கருக்கிவிடும். ஓடும்போது சோதிக்கப் பெரிய ரிலே வேண்டும்.

தொழில்நுட்பர்கள் வைத்திருக்கும் சீரிஸ் போர்டு இங்கே நல்ல துணை. 100 வாட் குண்டு பல்பைச் சீரிஸில் வைத்து முதலில் ஆன் செய்தால், பிரைமரி ஏற்கெனவே ஷார்ட் ஆன யூனிட்டில் பல்பு முழுதாக எரியும். நல்லதில் ஒருமுறை மின்னி அடங்கும். லோடு வைக்கும்போது அந்தப் பல்பை எடுத்துவிடுங்கள். வைத்திருந்தால் உள்ளே போகும் வோல்டேஜ் சரிந்து, பிஎஃப்சி (பவர் ஃபேக்டரைச் சரிசெய்யும் சர்க்யூட்) உள்ள யூனிட் தொடங்கித் தொடங்கி அணையும்.

ஓடிபிதான் ஏமாற்று அதிகம் நடக்கும் இடம். ஃபேன் வேகத்துக்காக ஹீட்சிங்கில் சூட்டை உணரும் தெர்மிஸ்டர் ஒன்று இருக்கும். அதைக் காட்டி ஓடிபி என்று சொல்லிவிடுவார்கள். சோதனை: பாதி லோடில் ஓட்டிக்கொண்டே காற்று போகும் வழியை அட்டையால் மூடிவிட்டுக் காத்திருக்க வேண்டும். கட் ஆனால் உண்டு. பிளாஸ்டிக் நாற்றம் வந்த பிறகும் ஓடினால் இல்லை, உடனே மெயினை அணையுங்கள். வீட்டுக்குள் செய்ய வேண்டாம்.

ஓவிபி எல்லைகள் வழிகாட்டியிலேயே உள்ளன: 12 வோல்ட் லைன் 13.4-க்கும் 15.6-க்கும் இடையில், 5 வோல்ட் 5.74-க்கும் 7.0-க்கும் இடையில், 3.3 வோல்ட் 3.76-க்கும் 4.3-க்கும் இடையில் கட் ஆக வேண்டும். வெளியிலிருந்து வேறொரு பவர் சப்ளையால் லைனை மேலே தள்ளிச் சோதிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். 12 வோல்ட்டிலிருந்து 5, 3.3 வோல்ட்டை உண்டாக்கும் சின்க்ரனஸ் டிசி-டிசி கன்வெர்ட்டர் உள்ள இன்றைய யூனிட்களில் அது ஆபத்து. 5 வோல்ட்டில் நீங்கள் தள்ளுவது கன்வெர்ட்டர் வழியே தலைகீழாக 12 வோல்ட் லைனை ஏற்றலாம். இதை ஆய்வுக்கூடத்துக்கே விட்டுவிடுங்கள்.

யுபிஎஸ் இருப்பவர்களுக்கு

பாதுகாப்புப் பட்டியலில் எழுதாத, ஆனால் நம் ஊர் கரண்டுக்கு மிக முக்கியமான ஒன்று ஹோல்ட்-அப் நேரம். உள்ளே வரும் மின்சாரம் நின்ற பிறகு எவ்வளவு நேரம் வெளியே வோல்டேஜ் நிற்கிறது என்பது. ஏடிஎக்ஸ் பழைய விதி முழு லோடில் 17 மில்லி செகண்ட்; பிந்தைய ஏடிஎக்ஸ் 3.1 முழு லோடில் 12, 80 சதவீத லோடில் 17 என்று தளர்த்தியது. சாதாரண யுபிஎஸ் பேட்டரிக்கு மாற 10 மில்லி செகண்ட் வரை எடுக்கலாம் என்பதால் இடைவெளி மிகக் குறுகியது.

இதைப் பெரிய கெப்பாசிட்டரைப் பார்த்தே கணக்கிடலாம். 470 மைக்ரோஃபாரட், 380 வோல்ட்டிலிருந்து 300 வரை இறங்கலாம் என்று வைத்தால் கிடைப்பது சுமார் 12.8 ஜூல். 750 வாட் வெளியே தர உள்ளே 800 வாட் வேண்டுமென்றால் 16 மில்லி செகண்ட் நிற்கும். அதே இடத்தில் 330 மைக்ரோஃபாரட் போட்டிருந்தால் 11-தான். யுபிஎஸ் இருந்தும் கரண்ட் போகும்போது கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிறது என்ற புகாரில் பேட்டரியை மாற்றுவதற்கு முன் இந்த எண்ணைப் பாருங்கள். அளப்பதென்றால் ஸ்கோப்பின் ஒரு சேனலில் 12 வோல்ட், இன்னொன்றில் பிஜி. 12 வோல்ட் எல்லையைத் தாண்டிச் சரிவதற்குக் குறைந்தது 1 மில்லி செகண்ட் முன்பே பிஜி விழ வேண்டும். விழாவிட்டால் அது முன்னே சொன்ன அதே பொய்.

எர்த் சோதனைக்கு மல்டிமீட்டர் போதும். பவர் கேபிளின் தடித்த எர்த் பின்னுக்கும் எஸ்எம்பிஎஸ் உறையின் பெயிண்ட் இல்லாத இடத்துக்கும் இடையே ஓம் அளவைப் பாருங்கள். மீட்டரின் இரண்டு குச்சிகளையும் தொட்டுக்கொண்டால் வரும் அளவைவிட அதிகம் வரக் கூடாது. எஸ்எம்பிஎஸ் பக்கம் சரியாக இருந்தும் கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று அடித்தால் வீட்டு எர்த் இல்லை. உள்ளே மெயின் கம்பிகளுக்கும் உறைக்கும் இடையே இருக்கும் ஒய்-கெப்பாசிட்டர்கள் இரண்டும் 230 வோல்ட்டைப் பாதியாகப் பிரித்து உறையில் நிறுத்துகின்றன. எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினாலும் அந்தச் சுருக் போகாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

80 பிளஸ் கோல்டு முத்திரையைக் காட்டிப் பாதுகாப்பு உறுதி என்பவர்களுக்கு: அந்தச் சோதனை 23 டிகிரி அறையில் எஃபிஷியன்சியைத்தான் பார்க்கிறது. எந்தப் பாதுகாப்பையும் ட்ரிப் செய்து பார்ப்பதில்லை. சைப்ரஸின் சைபெனெடிக்ஸ் போன்ற ஆய்வுக்கூடங்களின் அறிக்கைகளில் ஓசிபி, ஓபிபி எல்லைகள் ஆம்பியர் கணக்கிலேயே இருக்கும். மாடல் எண்ணைப் போட்டுத் தேடி அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குவது, எஸ்எம்பிஎஸ்ஸை வாங்கிவந்து வீட்டில் ஷார்ட் செய்து பார்ப்பதைவிடப் பல மடங்கு மேல்.

யார் வாங்கலாம்

சர்வீஸ் செய்பவர் வாங்கலாம். ஆன் ஆகாத சிஸ்டத்தில் குற்றம் எஸ்எம்பிஎஸ்ஸா மதர்போர்டா என்று இரண்டு நிமிடத்தில் பிரித்துவிடும். ஸ்டாண்ட்பை இல்லை, பிஜி இல்லை, ஒரு லைன் காணோம் என்கிற கோளாறுகளில் இது பொய் சொல்வதில்லை. வாங்கும்போது 24 பின் சொருகும் இடத்தின் பின்கள் நேராக இருக்கின்றனவா, பிஜி மில்லி செகண்டில் எண்ணாக வருகிறதா என்று பாருங்கள்; வெறும் பச்சை விளக்கு எரியும் மாடலை எடுக்காதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் சொருகியே வைக்க வேண்டாம், உள்ளே ரெசிஸ்டர் சூடேறும்.

வீட்டில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் வைத்திருப்பவருக்குத் தேவையில்லை. அந்தக் காசில் சுமாரான மல்டிமீட்டர் ஒன்று வாங்கினால் வோல்டேஜும் பார்க்கலாம், எர்த்தும் பார்க்கலாம். செகண்ட் ஹேண்ட் எஸ்எம்பிஎஸ் விற்பவர் இந்த டெஸ்டரில் மாட்டி ‘எல்லாம் ஓகே’ என்று காட்டினால், அது தொடங்குகிறது என்பதற்கு மட்டும் விலை கொடுங்கள்.